யன்னலிலிருந்து, மூன்றாம் மாடி

சுருவில் கிராமத்தைத் தாண்டும்போதுதான் குடையைக் கந்தோரிலேயே விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. தோளில் ஒரு பை. அதற்குள் உடுக்க இரண்டு சாரம், சவரப் பெட்டி, முதுகு பிய்ந்த ஜேர்மன் அகராதி ஒன்று. வேறு சொத்து இல்லை. பின்னால் வந்த பேருந்து வேகத்தைக் குறைத்தது. மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்த நடத்துநர் கேட்டான்.

“எங்கை அண்ணை?”

“குறிகட்டுவான்.”

“நடந்தோ? ஏறுங்கோவன், வேலணையிலை இறக்கி விடுறன், மாறிப் போங்கோ. நீங்கள் நடந்து போய்ச் சேர கடைசி வள்ளமும் போயிடும்.”

“நீ போ தம்பி.”

“வெய்யில் மண்டையிலை ஏறீட்டுது போல,” என்று உள்ளே இருந்தவர்களுக்குச் சொல்லிவிட்டு மணியை அடித்தான். பேருந்து போய்விட்டது. எனக்கு அன்று எதிலும் ஏறி இருந்து போக மனமில்லை. கதிரையில் இருந்தது போதும் என்றிருந்தது.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஊர்காவற்றுறையில் அந்தக் கந்தோர் இன்னும் இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு என்ற பலகையும் தொங்குகிறது. உள்ளே இப்போது இருப்பவள் பல்கலைக்கழகம் முடித்த ஒரு பிள்ளை. ஜேர்மன் தாள் வந்தால் கைபேசியால் படம் பிடிக்கிறாள். அது ஆங்கிலமாகி விழுகிறது. அவள் போன மாதம் குறிகட்டுவான் துறையடிக்கு வந்து என்னைத் தேடிப் பிடித்தாள். இப்போது எனக்குக் கத்திக் கூப்பிடுகிற குரலும் போய், வேலையும் போய், துறையடி மரவாங்கில் சும்மா குந்தியிருக்கிற ஆள் நான்.

“ஐயா, வசனத்திலை வினைச்சொல் இல்லாத இடத்திலை எல்லாம் போன் தானா ஒண்டைப் போடுது. சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் அந்த நேரம் என்ன செய்தனீங்கள்? எழுதித் தாங்கோவன்,” என்றாள்.

வாயால் சொன்னால் கோபம் வரும். அதனால் எழுதுகிறேன். அவள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தீவை விட்டு எல்லோரும் ஓடிய காலத்தில் நானும் ஓடினேன். மற்றவர்கள் எங்காவது ஓரிடத்தில் நின்றார்கள், நான் நிற்கவில்லை. ஜேர்மனியில் உணவகக் குசினி, மீன்பெட்டி கழுவுகிற இடம், கட்டட வேலை, கடைசியாக ஒரு மருத்துவமனையில் சாப்பாட்டு வண்டில் தள்ளுகிற வேலை. அந்த மொழியை நான் இருந்து படித்ததில்லை. ஏச்சு வாங்கி வாங்கிப் பிடித்துக்கொண்டேன். குசினியில் தலைமைச் சமையற்காரன் ஒரு முழு வசனம் பேசி நான் கேட்டதே இல்லை. ‘தட்டுகள் மேலே.’ ‘கை அங்காலே.’ ‘நீ வெளியே.’ தட்டைத் தூக்குவதா, அடுக்குவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று அவன் சொல்ல மாட்டான். கேட்டுக்கொண்டு நின்றால் அன்றைக்கே வேலை போய்விடும். ஒழுங்காகப் பேசுகிற சனமும் அப்படித்தான். வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை ‘நான் வீட்டுக்கு வேண்டும்’ என்கிற மாதிரிச் சொல்வார்கள். போவது விடுபட்டுவிடும். எனக்கு இது புதினமாகப் படவில்லை. எங்கே என்று கேட்டால் கடைக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு நடக்கிற ஊரில் பிறந்தவன் நான்.

மருத்துவமனையில்தான் இதில் உள்ள இடக்கு விளங்கியது. அங்கே கட்டிலின் காலடியில் சிறு துண்டு ஒன்று தொங்கும். ஒருநாள் ஒரு கிழவரின் கட்டிலில் ‘இன்று ஒன்றும் இல்லை’ என்று எழுதியிருந்தது. மனிசன் ஒன்றும் சாப்பிடவில்லையாக்கும் என்று சூப்பை வைத்துவிட்டு வண்டிலைத் தள்ளினேன். பின்னால் தாதி ஓடிவந்து சூப்பைப் பறித்தாள். கிழவருக்கு அன்று வயிற்றில் சத்திரசிகிச்சை. ஒன்றும் கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் துண்டு. “தெரியாவிட்டால் கேள், நீயாக நிரப்பாதே,” என்று கத்திவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான் கேட்டேன். எழுதியவர் அடுத்த அறையில் இருப்பார், போய்க் கேட்கலாம். ஊர்காவற்றுறையில் எழுதியவர் அடுத்த அறையில் இருக்கவில்லை. கஷ்டமெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அகதி மனுவை நிராகரித்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் காவலாளி, வவுனியாவில் லொறி, மன்னாரில் கருவாடு. பிறகு ஊர்காவற்றுறைத் துறையடியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஜேர்மன் தாள் ஒன்றை வைத்துக்கொண்டு அழுவதைக் கண்டு, அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை, அது பள்ளிக்கூட விடுமுறை அறிவித்தல் என்று சொன்னேன். பின்னேரம் கந்தோர்க்காரர் சிவஞானம் சேர் எனக்கு ஆள் அனுப்பினார்.

சேர் அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். புங்குடுதீவுக்காரர். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்த்து முத்திரை குத்த உரிமை உள்ளவர். தீவுச் சனத்தில் பாதி வெளிநாட்டில் இருப்பதால் ஜேர்மன் தாள்கள் வந்துகொண்டே இருந்தன. சேருக்கு ஜேர்மனில் ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கு ஆங்கிலம் கடைப்பலகை வாசிக்கிற அளவு. ஆகவே எங்கள் வேலை இப்படி நடந்தது. நான் ஜேர்மன் வசனத்தை வாய்க்குள் வாசித்து, தமிழில் உரக்கச் சொல்வேன். சேர் அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவார். முழு வசனமும் கேட்டு முடிக்கும்வரை பேனையின் மூடியைக் கழற்ற மாட்டார். தாள் பறக்கும் என்று மின்விசிறி போட மாட்டார். எழுதி முடித்ததும் வெளியே போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, துவாயில் துடைத்து, பிஸ்கற் பெட்டிக்குள்ளிருந்து முத்திரையை எடுப்பார். ஜேர்மனிலிருந்து தானே மொழிபெயர்த்ததாக அடியில் கையொப்பம் வைப்பார். அந்தத் தாளில் நான் எங்கேயும் இல்லை. அதைப் பற்றி எனக்குக் குறை இருக்கவில்லை. இருக்க இடமும் பின்னறையில் ஒரு பாயும் கிடைத்தன.

என்னை ‘ஜேர்மன்காரர்’ என்றுதான் கூப்பிடுவார். சாதாரணமாக நீர் என்பார். கோபம் வந்தால் குரல் இறங்கி, மரியாதை கூடி, நீங்கள் என்பார். அவர் நீங்கள் என்ற நாளில் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

“அவன் என்ன செய்தான்? அதை முதல் சொல்லும்.”

“பொறுங்கோ சேர், அது கடைசியிலைதான் வரும்.”

“இங்கிலீசுக்காரன் கடைசி மட்டும் பாத்துக்கொண்டிருக்க மாட்டான்.”

“இங்கிலீசுக்காரன் இஞ்சை இல்லைச் சேர். நாங்கள் இரண்டு தமிழர்தான்.”

ஆரம்பத்தில் இதற்குச் சிரிப்பார்.

ஜேர்மன் வசனம் பலதில் வினை கடைசியில் வரும் என்பது தமிழருக்குச் சுகம். சில நேரம் கடைசியில் வருகிற ஒரு வினையே முன்னால் உள்ள இரண்டு மூன்று பேருக்கும் சேர்த்து வரும். தகப்பனை மருத்துவமனைக்கு, பிள்ளையை மாமி வீட்டுக்கு, நாயைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று ஒரே ஓர் ‘அனுப்பினார்கள்’. சேர் ஆங்கிலத்தில் அதை எடுத்து எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பார். பிழையில்லை. ‘இத்துடன் ஆவணங்கள்’ என்று ஒரு காரியாலயம் எழுதினால் ‘இணைக்கப்பட்டுள்ளன’ என்று சேர்ப்பார். அதிலும் பிழையில்லை. இவையெல்லாம் யாரும் திருப்பி வைக்கக்கூடிய சாமான்கள். எழுதியவருக்கும் தெரியும், வாசிக்கிறவருக்கும் தெரியும், தெரிந்ததால்தான் விட்டிருக்கிறார்கள். விடுபடுவதில் வேறு ஒரு சாதி இருக்கிறது. எழுதியவருக்கே தெரியாமல், அல்லது சொல்ல விருப்பமில்லாமல் விட்டது. இரண்டும் தாளில் ஒரே மாதிரித்தான் இருக்கும். சேர் இரண்டையும் ஒரே மாதிரித்தான் நிரப்பினார்.

“வசனம் எண்டால் ஆரோ எதையோ செய்ய வேணும். செய்யாட்டி அது வசனமில்லை ஜேர்மன்காரர், சாமான் துண்டு. சீனி, தேயிலை, சவுக்காரம்.”

அன்று நடந்து போகையில் அப்படி நிரப்பிய ஒரு வீட்டைக் கடந்துதான் போனேன். சுருவிலில் நல்லதம்பி அண்ணையின் வீடு. ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த அவருடைய தம்பியின் மகள் ஒரு கடிதம் போட்டிருந்தாள். ‘இந்தக் கோடைக்குப் பெரியப்பா, உங்களிடம் விருப்பம்.’ வினை இல்லை. லண்டனில் இருந்த மகனுக்குக் காட்ட ஆங்கிலத்தில் வேண்டும் என்று நல்லதம்பி அண்ணை கொண்டுவந்தார்.

“உங்களிடம் என்ன விருப்பம்? வரவோ, நிக்கவோ, இருக்கவோ?” என்றார் சேர்.

“வர எண்டு மட்டும் போட்டால் காணும் சேர்.”

வாங்கில் இருந்த நல்லதம்பி அண்ணை முகமெல்லாம் மலர்ந்து, “பிள்ளை என்னோடை வந்து இருக்கப் போறாள். தனிச்ச மனிசன் எண்டு யோசிச்சிருக்கிறாள்,” என்றார். சேர் அவரைப் பார்த்தார். பேனை மூடியைக் கழற்றினார். வந்து வாழ விரும்புகிறாள் என்று எழுதினார்.

நல்லதம்பி அண்ணை பின்னறைக்கு நீலச் சாயம் அடித்தார். வீட்டோடு சேர்த்துக் கொமட் வைத்த கழிப்பறை கட்டினார். அவள் இரண்டு சிநேகிதிகளோடு வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கி, செவ்விளநீர் குடித்து, பெரியப்பாவோடு படம் பிடித்து, மத்தியானச் சமையல் வேகுமுன் போய்விட்டாள். நான் சேரிடம் சொன்னேன். “அவள் மனம் மாறினதுக்கு நான் என்ன செய்யிறது? வசனம் சரி,” என்றார். அன்று மதிலுக்கு மேலால் அந்த நீலச் சுவர் தெரிந்தது. யன்னல் பூட்டியிருந்தது.

நல்லதம்பி அண்ணைக்குப் போனது சாயமும் சீமெந்தும். தவமணிக்குப் போனது வேறு.

தவமணி புங்குடுதீவு இறுப்பிட்டிக்காரி. பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலாகக் காயவைத்து விற்கிறவள். கொழும்பில் கடையில் நிற்கிற வளர்ந்த மகன் ஒருவன் அவளுக்கு இருந்தான். அவள் புருசன், குலம் என்பவன், ஜேர்மனியில் அகதி விடுதி ஒன்றில் இருந்து அங்கேயே செத்துப்போனான். உடலை அங்கேயே எரித்துச் சாம்பலை அனுப்பியிருந்தார்கள். எப்படிச் செத்தான் என்று அவளுக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை.

“கூட இருந்த மூண்டு பேரைக் கேட்டன் அண்ணை. ஒருத்தர் யன்னல் துடைக்கேக்கை சறுக்கினது எண்டார். ஒருத்தர் அங்கை அண்டைக்குச் சண்டை நடந்தது எண்டார். மற்றவர் போனை வைச்சிட்டார்.”

யாழ்ப்பாணத்தில் ஒரு லோயர் அவளுக்காக அந்த நாட்டுக்கு எழுதிக் கேட்க ஒத்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது, பொலிஸ் விசாரித்ததா, விசாரித்திருந்தால் அந்த அறிக்கையைத் தாருங்கள் என்று. அவளிடம் இருந்த ஒரே தாள் மருத்துவமனை அனுமதிக் குறிப்பு. அதை முதலில் ஆங்கிலத்தில் கொண்டுவா என்று சொல்லியிருந்தார். அதற்குத்தான் வந்தாள்.

தாளைப் பார்த்ததும் அந்தக் கட்டில் துண்டுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. மருத்துவமனைக்காரர் இப்படித்தான் எழுதுவார்கள். காய்ச்சல் இல்லை, சாப்பாடு கொஞ்சம், மகள் தொலைபேசியில். நான் தமிழில் சொன்னேன். ‘ஆண். விடியப்புறம் யன்னலிலிருந்து, மூன்றாம் மாடி. கண்டது விடுதிக் காவலாளி. பேச்சு இல்லை.’

சேரின் பேனை மூடியோடு நின்றது.

“யன்னலிலிருந்து என்ன?”

“ஒண்டும் போடேல்லைச் சேர்.”

“ஒண்டும் போடாமல் எப்பிடி? மனிசன் யன்னலிலையிருந்து என்ன, பாட்டே படிச்சவன்? விழுந்தவனோ, குதிச்சவனோ?”

தவமணி வாங்கில் இருந்து எழும்பினாள். “விழுந்தவர் எண்டு போடுங்கோ,” என்றாள்.

“அதுவும் உதிலை இல்லைத் தங்கச்சி,” என்றேன். “எழுதின ஆள் பாக்கேல்லை. தெரியாதபடியால்தான் விட்டிருக்கு. நீங்கள் இதைத்தானே அவையைக் கேக்கப் போறியள்?”

அவள் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்தாள். வாசிக்கத் தெரியாத தாளை நெடுநேரம் பார்க்கிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவள் நெடுநேரம் பார்க்கவில்லை.

“அப்ப அவையள் எழுதேல்லை எண்டதை அப்பிடியே எழுதித் தாங்கோ. அதுதானே எனக்கு வேணும்.”

“வெறுமையான வசனத்துக்கு நான் முத்திரை போடுறேல்லைப் பிள்ளை,” என்றார் சேர். “நாளைக்கு வாரும். யோசிப்பம்.”

அவள் போன பிறகு நான் சொன்னேன், ஆங்கிலத்திலும் அப்படியே விடலாம் சேர், யன்னலிலிருந்து, மூன்றாம் மாடி என்று எழுதினால் தாள் கிழிந்து போகாது. வேண்டுமென்றால் மூலத்தில் வினை இல்லை என்று அடியில் ஒரு வரி போடலாம்.

சேர் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தார்.

“உமக்குத் தெரியாது ஜேர்மன்காரர். நீர் ஊரிலை நிண்ட ஆள் இல்லை. இவன் குலத்தின்ரை தகப்பன் கிணத்துக்கை குதிச்சவன். கயிறு விட்டுத் தூக்கினவையிலை நானும் ஒருத்தன். அந்தாளின்ரை தலை என்ரை தோளிலைதான் கிடந்தது.”

“அது தேப்பன் சேர்.”

“ரத்தம், ஐசே, ரத்தம்.”

“இதை எழுதின ஆளுக்குத் தேப்பனையும் தெரியாது, கிணத்தையும் தெரியாது.”

“அதுதான் அந்தாளுக்கு எழுத ஒண்டும் கிடைக்கேல்லை. எனக்குத் தெரியும்.”

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கசக்கிறது. பொய் என்றால் சண்டை பிடிக்கலாம். அந்த மனிசன் ஈரத் தலையின் பாரத்தை இன்னும் தோளில் வைத்துக்கொண்டுதான் எழுதினார். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு தாதி எழுதாமல் விட்ட இடத்தைப் புங்குடுதீவுக் கிணறு ஒன்று நிரப்பியது.

மறுநாள் என்னை முத்திரை மை வாங்க யாழ்ப்பாணம் அனுப்பினார். அந்த மை ஊர்காவற்றுறைக் கடையிலும் இருந்தது. நான் திரும்பி வந்தபோது தவமணி வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

அடுத்த கிழமை வந்தாள். வாங்கில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“லோயர் சொல்லுறார், அவர் குதிச்சவர் எண்டு ஆசுப்பத்திரியே எழுதியிருக்கு, இனி நான் என்னத்தைக் கேக்கிறது எண்டு. ஜம்ப்ட் எண்டு கிடக்காம்.” சேரைப் பார்த்தாள். “உங்களுக்கு ஆர் சொன்னது?”

“மனதைத் தேத்திக்கொள்ளும் பிள்ளை,” என்றார் சேர். மெதுவாகத்தான் சொன்னார். “சில குடும்பத்திலை அது இருக்கு.”

அவளுக்கு எது என்று விளங்க நேரம் எடுக்கவில்லை.

“அப்ப என்ரை மகனுக்கும் இருக்கோ?”

சேர் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார். அவள் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

நான் அந்தத் தாளைத் திருத்தி எழுதித் தரச் சொன்னேன்.

“முத்திரை விழுந்ததை நான் திறக்கிறேல்லை. ஒரே தாளுக்கு இரண்டு மொழிபெயர்ப்பு வந்தால் நாளைக்கு ஆர் எங்களை நம்புவினம்?”

“பிழை எண்டால்?”

“பிழை எண்டு உமக்குத் தெரியுமோ?”

“தெரியாது சேர். உங்களுக்கும் தெரியாது. அதைத்தான் நான் சொல்லுறன். தெரியாது எண்டு எழுத ஏன் உங்களுக்கு ஏலாது?”

அவர் எழும்பிப் போய் மின்விசிறியைப் போட்டார். நான் வந்த நாளிலிருந்து அது சுற்றி நான் கண்டதில்லை. மேசைத் தாள்கள் எழும்பின. அவர் அவற்றைப் பிடிக்கவில்லை.

“நீங்கள் நல்லாக் களைச்சுப் போனீங்கள்,” என்றார் தணிந்த குரலில். “நீங்கள் இனிப் போகலாம்.”

பின்னறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டி வைத்தேன். பையை எடுத்தேன். சாமான் எடுக்க எனக்கு ஒருபோதும் நேரம் எடுத்ததில்லை. கதவடியில் மாட்டியிருந்த குடையை மட்டும் மறந்துவிட்டேன்.

புங்குடுதீவுப் பாலத்தில் காற்று எதிர்த்து அடித்தது. இரண்டு பக்கமும் கடல் வற்றி, சேறு காய்ந்து கிடந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் தன்பாட்டில் இறங்கி என்னோடு கொஞ்சத் தூரம் நடந்து, மழை வராது என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஏறிப் போனார். வெயில் தாழத் தொடங்கிய நேரம் இறுப்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். விசாரித்து அவள் வளவைக் கண்டுபிடித்தேன். வேலிப் படலை திறந்திருந்தது. பாயில் ஒடியல் பரவியிருந்தது. தவமணி குந்தியிருந்து அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன் வந்தனீங்கள்?”

“கந்தோரை விட்டிட்டன்.”

“அதாலை எனக்கென்ன?”

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஆங்கிலத் தாளை விடுங்கள், ஜேர்மன் தாளையே லோயரிடம் கொண்டுபோவோம், நான் வந்து வரிக்கு வரி தமிழில் சொல்கிறேன் என்று.

“கேட்டனான் அண்ணை. நீங்கள் அண்டைக்குச் சொன்னதைச் சொல்லிக் கேட்டனான். முத்திரை இல்லாத ஆளின்ரை வாய்ச்சொல்லை வைச்சு ஒண்டும் செய்ய ஏலாதாம். உங்களிட்டை முத்திரை இருக்கோ?”

“இல்லை.”

“பின்னை?”

அவள் ஒரு துண்டு ஒடியலை எடுத்து ஒடித்துப் பார்த்தாள். காயவில்லை. திரும்பவும் பாயில் போட்டாள்.

“முந்தி அவர் விழுந்தவரோ குதிச்சவரோ எண்டு எனக்குத் தெரியாது. ஊருக்கும் தெரியாது. லோயரிட்டை நிண்ட ஊர்ச்சனம் கேட்டுப்போட்டுது, இப்ப ஊருக்குத் தெரியும். எனக்குத்தான் இன்னும் தெரியாது. கடைக்குப் போனால் சனம் கதையை நிப்பாட்டுது. மகனுக்கு ஒரு இடத்திலை கலியாணம் பேசி வந்தது, அவையும் இப்ப போன் எடுக்கினமில்லை.”

நான் படலைப் பக்கம் திரும்பினேன்.

“நில்லுங்கோ,” என்றாள். “அந்தத் தாளிலை உள்ளதை எனக்கு ஒருக்காத் தமிழிலை சொல்லுங்கோ. உள்ளபடி.”

தாள் தேவைப்படவில்லை. “விடியப்புறம் யன்னலிலிருந்து, மூன்றாம் மாடி,” என்றேன்.

அவள் மற்றதையும் கேட்கக் காத்திருக்கிறவள் போல் முகத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

“அவ்வளவுதானோ?”

“அவ்வளவுதான்.”

“இன்னொருக்கா.”

இன்னொரு முறை சொன்னேன். அவள் வாய்க்குள் அதைத் தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“சரி அண்ணை. போயிட்டு வாங்கோ.”

நடத்துநர் சொன்னது சரி. குறிகட்டுவானுக்கு நான் போனபோது கடைசி வள்ளம் போய்விட்டது. பயணிகள் கொட்டிலில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நெடுந்தீவுக்குப் போய்க் குதிரை பார்க்கிற சுற்றுலாக்காரருக்குச் சமைக்கலாம் என்பதுதான் அப்போதைய திட்டம். காலையில் ஒரு வள்ளக்காரர் என்னைக் காலால் தட்டி எழுப்பினார். அவருடைய வள்ளத்துக்கு ஆள் கூப்பிடுகிறவன் அன்று வரவில்லை.

“உமக்குச் சத்தம் வருமோ?”

“வரும்.”

“பாசை என்ன தெரியும்?”

“தமிழ்,” என்றேன்.

“அது காணும். பஸ் வரேக்கை சனத்தைக் கூப்பிடும்.”

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். பேருந்து வளைவில் திரும்பியது. நான் கையை வாயில் குவித்து, “நயினாதீவு! நயினாதீவு! நயினாதீவு!” என்று கத்தினேன். சனம் இறங்கிப் பிள்ளைகளையும் பூத்தட்டுகளையும் தூக்கிக்கொண்டு நேரே வந்து வள்ளத்தில் ஏறியது. நயினாதீவுக்கு என்ன என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.